இசைத்தட்டைக் கணினியில் ஏற்றினால் தகர டப்பா சத்தம் வருகிறது, உதவுங்கள்

தட்டுப்பெட்டி:
அப்பா சேர்த்துவைத்த எல்.பி. (நீண்ட நேரம் ஓடும்) தட்டுகளைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தேன். டர்ன்டேபிளின் சிவப்பு, வெள்ளை ஒயர்களை ஒரு கன்வெர்ட்டர் பின் போட்டு லேப்டாப்பின் மைக் துளையில் செருகி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தேன். வயலின் தகரத்தைச் சுரண்டுகிறது. மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கக் கனத்த ஒலி) காணவே காணோம். பின்னால் ஓர் உறுமல் வேறு. ஈக்வலைசரில் பாஸை (கனத்த, தாழ்ந்த ஒலிகளை) ஏற்றினால் உறுமல்தான் கூடுகிறது. தட்டு கெட்டுவிட்டதா?

ஊசிமுனை:
தட்டின் மேல் பழி போடாதீர்கள். எல்.பி.யை வெட்டும்போதே பாஸைக் குறைத்து, ட்ரெபிளை (மெல்லிய, உயர்ந்த ஒலிகளை) ஏற்றித்தான் வெட்டுவார்கள். பாஸை அப்படியே விட்டால் பள்ளம் அகலமாகி, ஒரு பக்கத்தில் கொஞ்சம் பாட்டுதான் அடங்கும். ட்ரெபிளை ஏற்றுவது தட்டின் இரைச்சலை அமுக்க. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வகுத்து, 1954 வாக்கில் பொது அளவாகிவிட்ட ஆர்ஐஏஏ வளைவு இதுதான். 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் குறைவு, மேல் முனையில் கிட்டத்தட்ட அதே அளவு கூடுதல். இதைத் திருப்பிப் போட்டு, ஒலியையும் பெருக்கித் தரும் பெட்டிதான் ஃபோனோ பிரீஆம்ப். உங்களிடம் அது இல்லை, அதனால்தான் தகர டப்பா. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவதோ சில மில்லிவோல்ட். மைக் துளை அதை எப்படியோ இழுத்துப் பிடிக்கிறது, அதுவும் பல லேப்டாப்களில் மோனோவாக (இரண்டு பக்க ஒலியும் ஒன்றாக). ஒரு பிரீஆம்பும், லைன் இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்குங்கள்.

எர்த்_ஒயர்:
டர்ன்டேபிளிலிருந்து மெல்லிய தனி ஒயர் ஒன்று தொங்குகிறதா? அதைப் பிரீஆம்பின் எர்த் திருகில் மாட்டுங்கள். பாதி உறுமல்கள் அங்கேயே அடங்கிவிடும்.

தட்டுப்பெட்டி:
இரண்டும் வாங்கினேன், ஒயரையும் மாட்டினேன். உறுமல் போயே போச்சு! ஆனால் இப்போது குடத்துக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. உச்சத்தில் குரல் கிழிகிறது.

ஊசிமுனை:
பல டர்ன்டேபிள்களின் பின்புறம் ஃபோனோ / லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். முதலில் ஃபோனோவில் இருந்தது, ஒயர் மாட்டும்போது லைனுக்கு நகர்ந்திருக்கலாம். லைனில் இருந்தால் உள்ளேயே ஒரு பிரீஆம்ப் வேலை செய்கிறது, வெளியே இன்னொன்று. திருத்தம் இரண்டு தடவை. ஃபோனோவுக்கு மாற்றுங்கள். (முன்பே கேட்டிருந்தால் உங்களுக்கு ஒரு பிரீஆம்ப் காசு மிச்சம். என் தப்புதான்.)

அப்புறம், பதிவின் தரத்துக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். தட்டின் மிகச் சத்தமான இடத்தை ஓடவிட்டு, மீட்டர் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். கிளிப் ஆனதை (அளவு மீறி உச்சி வெட்டுப்பட்டதை) பிறகு முழுசாகச் சரிசெய்ய முடியாது.

தட்டுப்பெட்டி:
சுவிட்ச்தான் சார்! தொப்பி கேட்கிறது. ஒரே குறை, ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் 'ஸ' வந்தாலே சீறுகிறது. மென்பொருளின் நாய்ஸ் ரிடக்‌ஷன் (இரைச்சல் குறைப்பு) போடட்டுமா?

ஊசிமுனை:
போட்டால் சீறல் போகாது, வயலின்தான் மழுங்கும். தட்டு சுற்றும் வேகம் மாறாது, ஆனால் கடைசிப் பாட்டு இருக்கும் உள்வட்டம் சின்னது. வெளிவட்டத்தில் ஊசிக்கடியில் ஓடும் வேகத்தில் பாதிகூட அங்கே இல்லை. ஒரே 'ஸ' குறுகிய இடத்தில் நெருக்கி வெட்டப்பட்டிருக்கும், அழுக்கான ஊசியால் அதைப் பின்தொடர முடியாது. முதலில் ஊசியைப் பாருங்கள். அப்புறம் கார்ட்ரிட்ஜ் கோணத்தையும் ஊசி தட்டில் அழுந்தும் அழுத்தத்தையும், அதன் கையேட்டில் சொன்ன கிராம் கணக்குப்படி.

தட்டுப்பெட்டி:
டார்ச் அடித்துப் பார்த்தேன். ஊசி நுனியில் கடுகளவு பஞ்சுருண்டை! மெல்லிய பிரஷால் பின்னிருந்து முன்னாகத் துடைத்ததும் சீறல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. பெட்டியின் அடியில் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகள் மூன்றும் கிடைத்தன. வேகத்தை மட்டும் மாற்றி இதே ஊசியில் போடலாமா?

எர்த்_ஒயர்:
வேண்டாம். 78-இன் பள்ளம் அகலம், எல்.பி. ஊசி அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் அள்ளிவரும். அதற்கு 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி தனி. 1954-க்கு முந்தைய தட்டாக இருந்தால் ஆர்ஐஏஏ வளைவும் பொருந்தாது. அதற்குத் தனியாக ஓர் இழை போடுங்கள், பேசுவோம்.