'ரெண்டர்' பொத்தானுக்கு என்ன சொல் போடலாம்? வியாழனுக்குள் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காணொளித் தொகுப்புப் பயிற்சி, கையேடு வியாழன் அச்சுக்குப் போக வேண்டும். கணினிகள் எல்லாம் லினக்ஸ், 4 ஜிபி நினைவகம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதனால் டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருள் பக்கமே போகவில்லை. ஓப்பன்ஷாட் பார்க்க எளிது, ஆனால் எங்கள் கணினிகளில் துண்டுகள் கூடக்கூடத் திணறுகிறது. ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் எம்எல்டி என்ற ஒரே மென்பொருள் பொறியின் மேல் நிற்பவை. கேடென்லைவைத் திறந்ததுமே படத்துக்கு இரண்டு, ஒலிக்கு இரண்டு என்று தடங்கள் (துண்டுகளை அடுக்கும் வரிசைகள்) தயாராக இருக்கும், ஷாட்கட்டில் காலக்கோடு வெறுமையாக இருக்கும். புதிதாக வரும் பிள்ளைக்கு அந்த வெறுமையே மிரட்சி. ஆகவே கேடென்லைவ் என்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போது சிக்கல் 'ரெண்டர்', அதாவது வெட்டி அடுக்கியதை எல்லாம் ஓடக்கூடிய ஒரே படக் கோப்பாக ஆக்கும் பொத்தான். போன பயிற்சியில் ஒரு பெண் தன் ஆச்சி கொட்டான் (ஓலைக் கூடை) முடைவதைப் படம்பிடித்து, அழகாக வெட்டி, பாட்டுச் சேர்த்து, 'சேமி' கொடுத்து, அந்தக் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனாள். வீட்டுத் தொலைக்காட்சியில் ஒன்றும் ஓடவில்லை. ஓடாதுதானே, அந்தக் கோப்பில் படமே இல்லை, எந்தத் துண்டு எந்த வினாடியில் வர வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. சேமிப்பது வேறு, படமாக ஆக்குவது வேறு என்று பொத்தானின் பெயரே சொல்ல வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

ஐயா, நான் கல்யாண வீடியோ தொழிலில் இருப்பவன். 'ரெண்டர் போட்டுட்டுச் சாப்பிடப் போ' என்றுதான் கடைப் பையன்களிடம் சொல்வோம், அவர்கள் யாரும் ஆங்கிலம் படித்தவர்கள் இல்லை. பஸ், பேங்க் மாதிரி அதுவும் நம் சொல் ஆகிவிட்டது. பிள்ளைகள் நாளைக்கு எங்களிடம் வேலைக்கு வந்தால் இந்தச் சொல்தான் காதில் விழும். ரெண்டர் என்றே போடுங்கள்.

நாட்டரசன்கோட்டையிலிருந்து:

அன்புடையீர், கம்பன் நமக்குச் சொல்லைத் தயாராக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். 'உலகம் யாவையும் தாம் உளவாக்கலும் நிலைபெறுத்தலும் நீக்கலும்'. உளவாக்கல் என்றால் இல்லாததை உள்ளதாக்குவது. குறிப்பாக மட்டும் கிடப்பதைப் படமாக ஆக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? சேமிக்க நிலைபெறுத்து, அழிக்க நீக்கு. மூன்று பொத்தான்களும் ஒரே பாட்டில் வந்துவிட்டன. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியது பங்குனியில் கூடிக் கேட்டுவிட்டுக் கலைவதற்காகவா? அன்றாடப் புழக்கத்துக்குக் கம்பன் வர வேண்டாமா?

கானாடுகாத்தானிலிருந்து:

ஐயா சொன்னதைப் படித்து மகிழ்ந்தேன், ஆனால் பொத்தானில் 'உளவாக்கு' என்று இருந்தால் பிள்ளைகள் உளவு பார்ப்பது என்று படிப்பார்கள். இன்னொன்று, பொத்தானில் வருவது ஏவல், அதாவது கட்டளைச் சொல். நட, வா, மடி என்று நன்னூல் அடுக்கும் வாய்பாட்டில் வினையின் பகுதியே (வேர்ச்சொல்லே) ஏவலாக நிற்கிறது. ஆகவே 'ஆக்கல்', 'ஆக்கம்' என்று பெயர்ச்சொல்லைக் கொண்டுபோய்ப் பொத்தானில் ஒட்டாதீர்கள்.

என் பரிந்துரை 'வார்'. ஆத்தங்குடியில் பூத் தரைக்கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியின் மேல் சட்டம், அதற்குள் அச்சு, அச்சின் அறைகளில் ஒவ்வொரு வண்ணச் சாந்தாக ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, காரை போட்டு அழுத்துவார்கள். இறுகிய பிறகு சிவப்பைத் தனியே பச்சையைத் தனியே பிரிக்க முடியாது. ரெண்டரும் அதேதான், தடங்கள் எல்லாம் ஒன்றாகிவிடும், மாற்ற வேண்டுமென்றால் பழைய குறிப்புக் கோப்புக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அப்புறம், வார்த்தை என்பதே வாயிலிருந்து வார்க்கப்படுவதுதானே.

பள்ளத்தூரிலிருந்து:

வார்த்தை வடமொழி 'வார்த்தா', தயவுசெய்து அதை இதில் கலக்க வேண்டாம். 'வார்' என்று தனியாகப் போட்டால் தலை வாருவதா, தோல் வாரா என்று குழப்பம் வரும். நான் சொல்வது 'வடி'. 'வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே' என்று புறநானூறு 312இல் பொன்முடியார் பாடியது நினைவிருக்கும். சிலை வடிப்பது, கவிதை வடிப்பது எல்லாம் வடிவம் கொடுத்து முடிப்பதுதான். அதே வேரிலிருந்துதான் வடிவு, வடிவம், வடிவேல் எல்லாம் என்பது என் உறுதியான எண்ணம், இதைத் தனி மடலாக எழுதுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து:

அம்மா, எங்கள் வீட்டில் வடி என்றால் சோற்றுக் கஞ்சி. பொத்தானில் 'வடி' என்று பார்த்தால் எதையோ வெளியே கொட்டப் போகிறது என்றுதான் பையன் பயப்படுவான். கானாடுகாத்தான் அண்ணன் சொன்ன கல் விளக்கம் மட்டும் எனக்கு உடனே புரிந்தது. 'வார்த்தெடு' என்று சேர்த்துச் சொன்னால் தலை வாருகிற குழப்பமும் இல்லை. எடு என்பதில் கையில் ஒன்று கிடைக்கிறது என்ற பொருள் வந்துவிடுகிறது, அந்தப் பெண்ணுக்கு வேண்டியது அதுதானே. ஆனால் பக்கத்திலேயே ரெண்டர் என்றும் இருக்கட்டும், விடமாட்டேன்.

காரைக்குடியிலிருந்து:

சரி, இன்று புதன் இரவு, இனித் தாமதிக்க முடியாது. பெரும்பாலோர் 'வார்த்தெடு' பக்கம் வந்துவிட்டீர்கள், பள்ளத்தூர் அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் தெரிகிறது. கையேட்டில் 'வார்த்தெடு – ரெண்டர்' என்று இரண்டும் போகிறது. அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'சேமித்தால் குறிப்பு மட்டும், வார்த்தெடுத்தால்தான் படம்.'

நாட்டரசன்கோட்டையிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் வார்ப்பதற்கு முன்பே உலோகமும் சாந்தும் இருக்கின்றன, இங்கே இருப்பது வெறும் குறிப்பு. இரண்டையும் ஒன்றாக்கியது எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்பின் சொற்பட்டியலில் 'உளவாக்கு' என்பதையும் சேருங்கள். 'கீஃபிரேம்' (ஒரு மாற்றம் எந்த வினாடியில் நிகழ வேண்டும் என்று இடும் குறி) பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை, அதற்கு என்னிடம் மூன்று சொற்கள் இருக்கின்றன, நாளை எழுதுகிறேன்.