மீன் தொட்டித் தண்ணீர் தெளியவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

வணக்கம். பெரம்பூரில் இருக்கிறேன். மூன்று வாரம் முன்பு கொளத்தூரில் 2 அடி தொட்டியும் ஆறு கப்பி, இரண்டு மோலி மீன்களும் வாங்கினேன். முதலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. போன ஞாயிறு ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குழாயடியில் பிழிந்து அலசினேன். மறுநாளே அரிசி களைந்த தண்ணீர் போல் வெண்மையாகிவிட்டது. பச்சை துளியும் இல்லை, அதனால் பாசியாகத் தெரியவில்லை. மெட்ரோ வாட்டர் குளோரினில் ஸ்பாஞ்சிலிருந்த நல்ல பாக்டீரியா (மீன் கழிவில் வரும் அம்மோனியாவை மாற்றிவிடுவது) செத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தினமும் பாதித் தண்ணீர் மாற்றுகிறேன், வாளியில் ஒரு நாள் வைத்துத்தான் ஊற்றுகிறேன். சாயங்காலத்துக்குள் மறுபடி கலங்கிவிடுகிறது. இன்று காலை பெரிய மோலி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. ஏர் பம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. தீனியை இன்று நிறுத்திவிட்டேன்.

தினமும் மாற்றுவது சரியா, குறைக்கவா? அம்மோனியா டெஸ்ட் கிட் கொளத்தூரில் எந்தப் பக்கம் கிடைக்கும்? அப்புறம், பக்கத்தில் யாரிடமாவது நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அந்த நல்ல பாக்டீரியாவுக்காக, ஃபில்டரில் ஓடின ஸ்பாஞ்சில் ஒரு துண்டு தருவீர்களா? நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.