எட்டிஹாட் 2-2: பத்துப் பேரோடு ஆடிய இரண்டாம் பாதி, கைநழுவிய 2 புள்ளி

(ஆர்செனல் ரசிகர்கள் மாறி மாறிப் பேசுகிறோம்; * வரும் இடத்தில் பேசுபவர் மாறுகிறார்.) 2024 செப்டம்பர் 22, சிட்டியின் மைதானமான எட்டிஹாடில் மான்செஸ்டர் சிட்டி 2, ஆர்செனல் 2. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்ம ஆர்செனல் ரசிகர்களில் பாதிப் பேர் "கோச் அர்டெட்டா பயந்துபோய் எல்லாரையும் பாக்ஸுக்குள்ள இழுத்துட்டார்" என்கிறார்கள். மீதிப் பேர் ரெஃப்ரியைத் திட்டுகிறார்கள். முழு ஆட்டத்தையும் திரும்பப் போட்டுப் பார்த்தால் இரண்டுமே பொருந்தவில்லை. பின்னால் போனது சரியான முடிவு. போன பிறகு வெளியே வர வழி வைத்துக்கொள்ளாததுதான் கோளாறு.

ஏன் சரி என்கிறேன்? மைதானத்தின் அகலம் 68 மீட்டர். பெனால்டி பாக்ஸின் அகலம் 40 மீட்டர் சொச்சம். நம்ம ட்ரொசார்ட் ரெட் கார்டு வாங்கிப் போனது முதல் பாதியின் கூடுதல் நேரத்தில், 45+8. கோல்கீப்பரைக் கழித்தால் 9 பேர். இந்த ஒன்பது பேரும் மைதானத்தின் நடுவில் நின்று அழுத்தம் கொடுக்கப் போனால், நான்கு மிட்ஃபீல்டர் 68 மீட்டரை மூட வேண்டும். ஆளுக்கு 17 மீட்டர். சிட்டியின் விங்கர்கள் (ஓரத்தில் ஆடும் முன்வரிசைக்காரர்கள்) சாவின்யோவும் டோக்குவும் இரண்டு பக்கமும் கோட்டை ஒட்டி நிற்கும்போது அது நடக்காத காரியம். பாக்ஸுக்குள் வந்துவிட்டால் ஆறு பேர் 40 மீட்டரை மூடினால் போதும், ஆளுக்கு 7 மீட்டருக்கும் குறைவு. இருவருக்கு நடுவே சிட்டி ஸ்ட்ரைக்கர் ஹாலண்டுக்குப் பந்து போகும் இடைவெளி அங்கே கிடைக்காது. 9-வது நிமிடத்தில் அவர் அடித்த கோலைப் பாருங்கள். சாவின்யோ நடுக்கோட்டுப் பக்கம் நம்ம கலஃபியோரியைத் திருப்பிவிட்டுப் பந்தை நீட்டினார், நம்ம நடு டிஃபெண்டர்கள் கேப்ரியலுக்கும் சலிபாவுக்கும் நடுவே திறந்த வெளி. இரண்டாம் பாதியில் அந்த வெளி ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

இதற்குக் கொடுத்த விலை, முன்னால் மூன்று பேர்தான் மிச்சம். பந்து ஒரு ஓரத்துக்குப் போனால் மூவரும் அந்தப் பக்கம் நகர வேண்டும். பந்து சுற்றி மறுபக்கம் வருவதற்குள் பாக்ஸ் விளிம்பில் ஒருவர் தனியாக நிற்பார். அதனால்தான் சிட்டியின் டிஃபெண்டர்களே தூரத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முழுக்க 33 ஷாட், அதில் 28 இரண்டாம் பாதியில். எண் பெரிது, ஆனால் பெரும்பாலானவை 20 மீட்டர் தூரத்தில் ஆட்கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தவை. நம்ம கீப்பர் ராயாவுக்குப் பந்து புறப்படுவது தெரிகிற வரை அவற்றைப் பிடித்துவிடலாம். பிடித்தார்.

*

அண்ணே, கணக்கு சரி. ஆனால் இடைவேளையில் விங்கர் சாகாவை எடுத்து டிஃபெண்டர் பென் வைட்டை இறக்கியதை விட்டுவிட்டீர்கள். என் பார்வையில் அங்கேதான் ஆட்டம் மாறியது.

பின்னால் நிற்கும் அணிக்கு முன்னால் ஒரு ஆள் வேண்டும். கோல் அடிக்க இல்லை, எதிரணி டிஃபெண்டர்களைப் பிடித்து வைக்க. ஒரு வேகமான விங்கர் நடுக்கோட்டில் நின்றால் எதிரணி இரண்டு பேரையாவது பின்னால் விட்டுவைக்கும். யாரும் இல்லையென்றால் அந்த இருவரும் முன்னேறி வருவார்கள். பாக்ஸைச் சுற்றி சிட்டிக்கு எப்போதும் ஓர் ஆள் கூடுதலாக இருந்ததற்கு இதுதான் காரணம். ஹாவெர்ட்ஸ் பெயருக்கு முன்வரிசை, நின்றதெல்லாம் மிட்ஃபீல்டில். கிளியர் செய்த பந்து சிட்டி டிஃபெண்டர் டியாஸ் காலுக்கோ கீப்பர் எடர்சன் காலுக்கோ போய், பத்து விநாடிக்குள் மறுபடி நம்ம பாக்ஸுக்கு வந்தது. இரண்டாம் பாதியில் நம்மிடம் பந்து இருந்தது 12.5 சதவீத நேரம்தான்.

கிளியரன்ஸ் எங்கே போக வேண்டும் என்பதற்கும் முறை இருக்கிறது. நடுவில் உயர்த்தி அடிப்பது மோசம், நேராக எதிரணி சென்டர் பேக் (நடு டிஃபெண்டர்) தலைக்குப் போகும். சைடு கோட்டை ஒட்டி, எதிரணி ஃபுல் பேக்குக்கு (ஓர டிஃபெண்டர்) பின்னால் அடிக்க வேண்டும். ஓடிப் பிடிக்க ஆள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பந்து வெளியே போய் த்ரோ ஆகும். அந்த 15, 20 விநாடியில் மொத்த வரிசையும் பத்து மீட்டர் முன்னேறிவிடலாம். அந்த முன்னேற்றம்தான் கால்களுக்கு ஓய்வு. 70-வது நிமிடத்துக்குப் பிறகு நம்ம வரிசை பெனால்டி புள்ளியைத் தாண்டவே இல்லை. மார்டினெல்லியைக் கடைசி வரிசையில் ஆறாவது ஆளாக இறக்கிவிட்டு, பந்து வந்ததும் 70 மீட்டர் ஓடு என்றால் யாரால் ஓட முடியும்?

*

சாகா விஷயத்தில் ஒரு மறுப்பு. அந்த வாரம் ஞாயிறு டாட்டன்ஹாம், வியாழன் பெர்கமோவில் அட்லாண்டா, அடுத்த ஞாயிறு சிட்டி. மூன்றுமே எதிரணி மைதானத்தில், கால்கள் களைத்திருக்கும். சிட்டியின் இடது ஓரத்தில் டோக்குவை ஒருவருக்கு ஒருவராக விட முடியாது, அங்கே இன்னொரு டிஃபெண்டர் கட்டாயம் தேவை. எடுக்க வேண்டியது சாகாவையா மார்டினெல்லியையா என்று வேண்டுமானால் கேட்கலாம். நான் சாகாவை வைத்திருப்பேன், காரணம் வேகம் அல்ல, கார்னர்.

நம்ம இரண்டு கோலுமே நின்ற பந்திலிருந்து வந்தவை. 22-வது நிமிடம், சிட்டியின் ரோட்ரி முழங்கால் காயத்தோடு வெளியேறிய கையோடு. ரெஃப்ரி இரு கேப்டன்களையும் கூப்பிட்டுப் பேசியிருந்தார். சிட்டி கேப்டன் வாக்கர் தன் இடத்துக்குத் திரும்புவதற்குள் நம்ம பார்ட்டே ஃப்ரீ கிக்கைச் சட்டென்று மார்டினெல்லிக்குத் தட்டினார். வாக்கர் விட்டுப்போன காலியிடத்தில் மார்டினெல்லி. அங்கிருந்து பந்து கலஃபியோரிக்கு. இடது காலால் வளைத்து மேல் மூலைக்கு. சிட்டி கோச் குவார்டியோலா கோபப்பட்டதில் நியாயம் இருக்கலாம். ஆனால் கேப்டன் ஃபுல் பேக்காக இருந்து ரெஃப்ரி அழைத்தால், பக்கத்தில் இருக்கும் சென்டர் பேக் அந்த இடத்துக்கு நகர்ந்து நிற்க வேண்டும். யாரும் நகரவில்லை.

45+1-இல் கேப்ரியல் கோல். வலது மூலையிலிருந்து சாகாவின் இடது கால், கோலை நோக்கி உள்வளையும் பந்து. நம்ம ஆட்கள் தூரக் கம்பத்துக்கு வெளியே கூட்டமாக நின்று, சாகா ஓடத் தொடங்கியதும் ஆறு கஜக் கட்டத்துக்குள் பாய்கிறார்கள். கேப்ரியல் மட்டும் அரை நொடி தாமதித்து வருவார். கீப்பருக்கு முன்னால் நெரிசல் இருப்பதால் அவர் வெளியே வந்து பந்தைக் குத்த முடியாது. அதற்குச் சில நிமிடம் முன்பும் கேப்ரியல் இதே மாதிரி எழும்பித் தலையால் முட்டினார், வலைக்குள் போகவில்லை. அப்போதே கேப்ரியலைக் காத்த வாக்கருக்குப் பதில் வேறு உயரமான ஆளை அவர் மேல் போட்டிருக்க வேண்டும், சிட்டி போடவில்லை. ஒரு வாரம் முன்பு டாட்டன்ஹாமில் 1-0 ஜெயித்ததும் இதே சாகா, இதே கேப்ரியல், இதே கார்னர். இதை வடிவமைக்கும் நிக்கோலா ஜோவர் 2021-இல் சிட்டியிலிருந்துதான் நம்மிடம் வந்தார்.

பத்துப் பேர் அணிக்கு ஒரு கார்னர் என்பது பெரிய சொத்து. கோல் வராவிட்டாலும் ஒரு நிமிடம் போகும், எதிரணி பதினொரு பேரும் அவர்கள் பாக்ஸுக்குப் போக வேண்டும். சாகா போனதும் அந்த மிரட்டலும் போய்விட்டது.

*

சிட்டி 2-2 ஆக்கிய 90+8 கோலுக்கு யாரும் இன்னும் வரவில்லை. அந்தக் கோலைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது களைப்பில் வந்த கோல் மட்டுமில்லை.

சிட்டி கார்னரை உயர்த்திப் போடவில்லை, பக்கத்தில் நின்றவருக்குத் தட்டினார்கள். ஷார்ட் கார்னருக்கு எதிராக இரண்டு பேர் ஓட வேண்டும் என்பது அடிப்படை: ஒருவர் பந்துக்கு, இன்னொருவர் திரும்பி வரும் பாஸுக்கு. பதினொரு பேர் இருக்கும்போது இது சுலபம். பத்துப் பேரோடு இருவரை அனுப்பினால் பாக்ஸில் ஏழு பேர், சிட்டி ஏழு பேரைக் கொண்டுவந்தால் சரிக்குச் சரி. ஆகவே ஒருவரைத்தான் அனுப்புவார்கள். அப்போது பந்து பாக்ஸ் விளிம்புக்குத் தடையில்லாமல் வரும். வந்தது, கோவசிச் அடித்தார், ஷாட்டை உடம்பால் தடுத்தார்கள், தெறித்த பந்து ஸ்டோன்ஸ் காலடியில். சில மீட்டர் தூரம்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. ஷார்ட் கார்னர் போட்ட நொடியில் அது சாதாரண ஆட்டம் ஆகிவிடுகிறது. கார்னர் பந்தை நேரடியாக வாங்குபவருக்கு ஆஃப்சைடு (கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்று பந்தை வாங்கும் தவறு) கிடையாது; அடுத்த பாஸிலிருந்து உண்டு. ஆகவே பந்து பின்னால் போகும்போது கோல்கோட்டில் நிற்பவர் உட்பட மொத்த வரிசையும் ஒரே குரலில் நாலைந்து மீட்டர் வெளியே ஓட வேண்டும். அப்படி ஓடினால் ஸ்டோன்ஸ் மாதிரி உள்ளே தங்கியவர் ஆஃப்சைடு. ஒரே ஒருவர் தங்கினாலும் எல்லாரும் ஆன்சைடு. அந்தக் குரல் கொடுக்க வேண்டியவர் கீப்பர், கூட்டத்தின் சத்தத்தில் கடைசி ஐந்து நிமிடம் அது கேட்காது, அதனால் கை சைகையை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, தடுத்த பிறகு பந்தைப் பார்த்து நிற்பது. ஷாட்டைத் தடுக்க மூன்று பேர் பாய்ந்தால் மற்றவர்கள் பந்தை விட்டுவிட்டு ஆளைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அத்தனை ஷாட்டைத் தடுத்த பிறகு கடைசி ஒன்றில் மட்டும் எல்லாக் கண்ணும் பந்தின் மேல் இருந்தது. வயிறு எரிகிறது.

*

ரெட் கார்டைப் பற்றி ஒரு வரி. ட்ரொசார்ட் பெர்னார்டோ சில்வாவை இடித்ததும் பந்தை உதைத்தனுப்பினார், கார்டு உதைத்ததற்கு. டோக்கு முன்பு இதையே செய்தபோது காட்டவில்லையே என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் மூன்று வாரம் முன்பு, ஆகஸ்ட் 31, பிரைட்டனோடு நம்ம ரைஸ் இதே காரணத்துக்குத்தான் வெளியே போனார், அந்த ஆட்டமும் 1-1 டிரா. மஞ்சள் அட்டை வாங்கிய ஆள் விசில் கேட்டதும் பந்தைத் தொடக்கூடாது என்று அதற்குப் பிறகும் பழக்கவில்லை என்றால் அது பயிற்சித் திடலில் சரிசெய்ய வேண்டியது. சீசன் முடிவில் 14 டிரா, 74 புள்ளி, லிவர்பூலுக்கு 10 புள்ளி பின்னால்.

நேரம் கடத்துவது பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அந்த சீசன் பிரீமியர் லீகில் மைதானத்தில் சிகிச்சை பெறும் வீரர் ஆட்டம் தொடங்கிய பின் 30 விநாடி வெளியே நிற்க வேண்டியிருந்தது. பத்துப் பேர் அணியில் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த 30 விநாடி ஒன்பது பேர்தான். கீப்பருக்கு அந்த விதி இல்லை, அதனால்தான் ராயா கீழே உட்காரும்போது மட்டும் எல்லாரும் பெஞ்ச் பக்கம் ஓடி அர்டெட்டாவிடம் பேசினார்கள். அப்படிக் கிடைத்த நேரத்தில் ஷார்ட் கார்னருக்கு யார் போவது என்று முடிவு செய்திருக்கலாம்.