ரேக் வரிசைகளுக்குள் ஸ்கேனர் இணைப்பு அறுந்துபோகிறது: ஆக்சஸ் பாயிண்டுகளை எங்கே பொருத்துவது?

கேள்வி

வணக்கம். ஒரகடம் பகுதியில் உள்ள ஒரு சரக்குக் கிடங்கின் கணினி வலையமைப்பை நான் கவனித்து வருகிறேன். கட்டடத்தின் நீளம் 110 மீட்டர், அகலம் 60 மீட்டர். தகரக் கூரை 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எஃகு ரேக்குகள் 9 மீட்டர் உயரமானவை. அகலவாக்கில் நிற்கும் அவற்றுக்கு நடுவே, ஒவ்வொன்றும் 50 மீட்டர் நீளமுள்ள 18 இடைவழிகள் செல்கின்றன. சரக்கில் பெரும்பகுதி சமையல் எண்ணெய் டின்களும் குளிர்பானப் பெட்டிகளும் திரவச் சோப்பும்தான்.

கூரையின் இரும்புச் சட்டத்தில், வைஃபை சிக்னலை எல்லாத் திசைகளிலும் பரப்பும் சாதாரண ஆக்சஸ் பாயிண்டுகள் எட்டு பொருத்தப்பட்டுள்ளன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் இடைவழியின் நடுப்பகுதிக்குச் சென்று கீழ்த்தட்டுச் சரக்கை ஸ்கேன் செய்யும்போது திரை உறைந்து நின்றுவிடுகிறது. பல முறை மென்பொருளில் மறுபடியும் உள்நுழைய வேண்டியிருக்கிறது. ஆனால் ஸ்கேனர் திரையில் சிக்னல் கோடுகள் முழுமையாகவே தெரிகின்றன. நிறுவிக் கொடுத்தவர்கள் கூரையில் இன்னும் எட்டு பொருத்தச் சொல்கிறார்கள். அந்தச் செலவுக்கு ஒப்புதல் கேட்பதற்கு முன் உங்கள் ஆலோசனை வேண்டும்.

பதில் 1

கூரையில் இன்னும் எட்டு வேண்டாம். உங்கள் எண்ணிக்கை கடைசியில் கூடக்கூடும்; ஆனால் அவை இருக்க வேண்டிய இடம் அதுவன்று. 12 மீட்டர் உயரத்தில், ரேக்குகளின் உச்சிக்கும் மேலே, அந்த ஆக்சஸ் பாயிண்டுகளுக்கு இடையே தடை எதுவும் இல்லாததால் அவை ஒன்றையொன்று மிகத் தெளிவாகக் கேட்கின்றன. கேட்க வேண்டிய ஸ்கேனரோ எண்ணெய் டின்களுக்கு நடுவில், கீழே இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) 1, 6, 11 என மூன்றே என்பதால், எட்டைப் பதினாறாக்கினால் ஒரே சேனலில் ஐந்தாறு கருவிகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காத்திருக்கும் நிலைதான் உண்டாகும்.

சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். அவை ஸ்கேனர் கேட்பதை மட்டுமே காட்டுகின்றன. ஸ்கேனர் பேசுவது மேலே போய்ச் சேருகிறதா என்பதை அவற்றால் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் நின்று, ஸ்கேனர் காட்டும் அளவையும், அதே நேரத்தில் கன்ட்ரோலரில் (ஆக்சஸ் பாயிண்டுகளை நிர்வகிக்கும் கருவி) அந்த ஸ்கேனருக்குப் பதிவாகும் அளவையும் எழுதி அனுப்புங்கள். இரு பக்கத்தின் அனுப்பும் திறனும் தேவை.

கேட்டவர்

இடைவழியின் நடுவில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் ஸ்கேனர் காட்டியது -66 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம்). கன்ட்ரோலர் அதே ஸ்கேனரை -76 டிபிஎம் அளவில்தான் கேட்கிறது. ஆக்சஸ் பாயிண்டின் திறன் 23 டிபிஎம், ஸ்கேனரின் திறன் 13 டிபிஎம். இன்னொன்றும் தெரிந்தது: ஏழாவது இடைவழியில் இருக்கும் ஸ்கேனர், சரக்கு இறக்கும் பகுதியிலுள்ள ஆக்சஸ் பாயிண்டையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பதில் 1

உங்கள் கணக்கு நேராக இருக்கிறது: திறனில் 10 டெசிபெல் இடைவெளி, அளவிலும் அதே 10. ஸ்கேனர் போன்ற கருவிகளுக்கு இரு வழியிலும் -67க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் கிடங்கில், ஆக்சஸ் பாயிண்டிலிருந்து ஸ்கேனருக்குப் போகும் வழி அந்த அளவை ஒட்டி நிற்கிறது. ஸ்கேனரிலிருந்து வரும் வழி அதற்கு ஒன்பது டெசிபெல் கீழே கிடக்கிறது. ஆக்சஸ் பாயிண்டின் திறனைக் கூட்டினால் போகும் வழி மட்டுமே வலுப்பெறும். நல்ல ஆன்டெனாவின் ஆதாயமோ (சிக்னலை ஒரு திசையில் குவிப்பதால் கிடைக்கும் கூடுதல் வலிமை) இரு வழிக்கும் சேர்ந்தே கிடைக்கும்.

ஆகவே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, ஒவ்வோர் இடைவழியின் முனையிலும், சுமார் 5 மீட்டர் உயரத்தில், இடைவழியின் உள்நோக்கிப் பார்க்கும் திசை ஆன்டெனாவைப் பொருத்துங்கள். 5.2 கிகாஹெர்ட்ஸில், தடையில்லாத 50 மீட்டரில் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 81 டெசிபெல். ஆன்டெனாவின் ஆதாயம் 6 டெசிபெல், ஆக்சஸ் பாயிண்டின் திறன் 14 டிபிஎம் என்று கொண்டால், மறுமுனையில் ஸ்கேனருக்கு -61ம் ஆக்சஸ் பாயிண்டுக்கு -62ம் வரும். ஓட்டுநரின் உடலும் ஃபோர்க்லிஃப்ட்டின் இரும்பும் இன்னும் சில டெசிபெல்களை விழுங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பதில் 2

மேலுள்ள கருத்தில் ஒரு பகுதியை மறுக்கிறேன். முனையிலிருந்து படுக்கைவாக்கில் அனுப்பும் சிக்னல் இடைவழியோடு நின்றுவிடாது. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும். கூரையிலேயே, இடைவழிக்கு நேர் மேலே, கீழ்நோக்கிய திசை ஆன்டெனாக்களை வைத்தால் பரப்பு கட்டுக்குள் இருக்கும். ஃபோர்க்லிஃப்ட் இடிக்கும் என்ற பயமும் இல்லை.

பதில் 1

கட்டுக்குள் இருக்கும் என்பது சரிதான். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். 60 பாகைக் கற்றையுள்ள ஆன்டெனா, 12 மீட்டர் உயரத்திலிருந்து கை உயரத்தில் விரிவது ஏறத்தாழ 13 மீட்டர்தான். விளிம்புக்கு வெளியேயும் கொஞ்சம் எட்டும் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், 50 மீட்டர் இடைவழிக்கு இரண்டோ மூன்றோ வேண்டும்; 18 இடைவழிகளுக்கு அது பெரும் செலவு. மேலும், சித்திரை வெயிலில் தகரக் கூரையை ஒட்டிய காற்றின் வெப்பம் எப்படி இருக்கும் என்பது அங்கே ஏணியில் ஏறியவர்களுக்குத் தெரியும். உள்ளரங்க மாடல்கள் பலவற்றின் உச்சவரம்பு 40 அல்லது 50 டிகிரிதான்.

குறுக்கீட்டைப் பொறுத்தவரை, இதுவரை நாம் குறைகூறிய எண்ணெயும் குளிர்பானமும் இங்கே நமக்கு உதவிக்கு வருகின்றன. நிறைந்து நிற்கும் ரேக் ஒவ்வொன்றும் சுவர்போல் அடுத்த இடைவழியை மறைப்பதால், 36, 40, 44, 48, 149, 153, 157, 161 ஆகிய எட்டுச் சேனல்களை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் சுழற்சியாகக் கொடுத்தால், ஒரே சேனல் ஒன்பதாவது இடைவழியில்தான் மீண்டும் வரும். 52 முதல் 144 வரையிலானவை ரேடாருடன் பகிரப்படுபவை; அவற்றில் பல கருவிகள் தாமாகத் தேடாமல் பீக்கனுக்காக (ஆக்சஸ் பாயிண்ட் விட்டுவிட்டு அனுப்பும் அறிவிப்பு) காத்திருப்பதால் ரோமிங், அதாவது ஓர் ஆக்சஸ் பாயிண்டிலிருந்து அடுத்ததற்கு இணைப்பு மாறுவது, தாமதமாகும். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆனால் ரேக்குகள் காலியாகும் நாளில் அந்தச் சுவர் இருக்காது. எனவே சிக்னல் எட்டுகிறதா என்பதைச் சரக்கு நிறைந்திருக்கும்போதும், குறுக்கீடு மிகுகிறதா என்பதைச் சரக்கு வடிந்திருக்கும்போதும் அளக்க வேண்டும். காலிக் கிடங்கில் ஒரே ஒருமுறை அளந்து வரைந்த திட்டம் இரண்டுக்கும் உதவாது.

கேட்டவர்

அடுத்தடுத்துள்ள இரண்டு இடைவழிகளில், எதிரெதிர் முனைகளில், தற்காலிகக் கம்பம் நட்டுச் சோதித்தோம். நடுவில் ஸ்கேனருக்கு -58, கன்ட்ரோலரில் -60. கடைக்கோடியில் -64, -66. திரை உறையவில்லை. ஆனால் ஓர் இடைவழியிலிருந்து அடுத்ததற்குத் திரும்பும்போது, ஸ்கேனர் பழைய இணைப்பை விடாமல் சில நொடிகள் தடுமாறுகிறது. கம்பத்துக்குப் பதிலாக ரேக்கின் முனைத் தூணிலேயே பொருத்தலாமா என்பதும் என் சந்தேகம்.

பதில் 2

சோதனை அளவுகளைப் பார்த்த பின் என் மறுப்பை விலக்கிக்கொள்கிறேன். ரோமிங்கைத் தீர்மானிப்பது ஸ்கேனர்தான். அதன் அமைப்பில் ரோமிங் தொடங்கும் எல்லையை -70 அளவுக்கு உயர்த்திப் பாருங்கள். வலையமைப்பில் 12 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைந்த வேகங்களை நிறுத்துங்கள், ரோமிங்கை எளிதாக்கும் 802.11ஆர், 802.11கே ஆகிய நெறிமுறைகளை உங்கள் ஸ்கேனர் மாடல் ஏற்கிறதா என்று முதலில் ஒரே ஒரு கருவியில் சோதித்த பிறகே மற்றவற்றுக்கு இயக்குங்கள்.

ரேக்கில் பொருத்தாதீர்கள். ரேக் இடிபடும், இடம் மாறும், உயரம் கூடும். சுவரிலோ கட்டடத் தூணிலோ இரும்புக் கூண்டுடன் பொருத்துவதே நல்லது. தீயணைப்புத் தெளிப்பான்களின் நீர்ப்பாதையை மறைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 1

கேபிளையும் இப்போதே திட்டமிடுங்கள். ஈதர்நெட் கேபிளின் எல்லை 100 மீட்டர். ஏறி இறங்கும் நீளமும் அதில் அடங்கும். எதிரெதிர் முனைகளில் மாற்றி மாற்றிப் பொருத்தும்போது, ஒரே மூலையிலுள்ள வலையமைப்புச் சுவிட்சிலிருந்து (கேபிள்கள் வந்து சேரும் கருவி) எதிர்ச்சுவரின் கடைசிக்கு அது எட்டாது. எதிர்ச்சுவரின் நடுவில் சுவிட்சுக்கான இரண்டாவது அலமாரி ஒன்றை வைத்து, முதன்மை அலமாரியிலிருந்து அதற்கு ஃபைபர் இழுத்து, கேபிளிலேயே மின்சாரம் தரும் சுவிட்சைப் பொருத்துங்கள். ஒரு கேபிள் இணைப்புக்கு 30 வாட் தரும் வகை போதும். பழைய எட்டில், சரக்கு இறக்கும் பகுதியிலும் அலுவலகத்திலும் உள்ளவற்றை மட்டும் திறன் குறைத்து வைத்துக்கொண்டு, ரேக்குகளுக்கு மேலே உள்ளவற்றைக் கழற்றிவிடுங்கள். அவை அங்கேயே இருந்தால் ஸ்கேனர்கள் மறுபடியும் அவற்றையே தேடிப்போகும்.