டெல்லியில கல்யாணமாகாத அத்தை, அக்கா இருக்காங்களா? எங்க, யாரோட இருக்காங்க?

கரோல்பாக் மருமான்:
அத்தைக்கு 69 வயசு. 36 வருஷம் மத்திய அரசு உத்தியோகம், செக்‌ஷன் ஆபீசரா ரிடையர் ஆனவங்க. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணினதுலேர்ந்து எங்க முன்னறையிலதான் இருந்தாங்க. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் அந்த அறை தேவைப்பட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லலை, அத்தையே வீடு பார்க்கச் சொன்னாங்க. மயூர் விஹார்ல ஒரு வீட்டுக்காரம்மா, 'அகேலி ரஹேங்கி க்யா?', தனியாவா இருக்கப்போறாங்கன்னு என்னைக் கேட்டாங்க. அத்தை பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்க! அக்ரிமென்ட்டையும் என் பக்கம் தள்ளி, பையன் பேர்ல போட்டாத்தான் தருவேன்னுட்டாங்க. எனக்கு 26 வயசு. அத்தை பேனாவைத் திறந்து வச்சிருந்தாங்க. மூடிப் பைக்குள்ள போட்டுகிட்டாங்க.

முனிர்கா அக்கா:
உங்க அத்தைக்காவது சொந்த பென்ஷன். நான் அம்மாவைப் பார்த்துக்க 41 வயசுல வேலையை விட்டவ. பதிமூணாம் நாள் முடிஞ்ச மறுநாள் அம்மா புடவைகளை மடிச்சுண்டிருந்தேன். தம்பி புரோக்கரோட வந்து அறையை டேப் வச்சு அளந்தான். 'கொஞ்சம் எழுந்துக்கோ, கட்டிலை நகர்த்தணும்'னான். எழுந்துண்டேன். இன்னும் ஆறலை. அப்பா மத்திய அரசு. கல்யாணமாகாத மகளுக்கு 25 வயசுக்கு மேலயும் குடும்ப பென்ஷன் உண்டுன்னு 2007-லயே உத்தரவு. பக்கத்து வீட்டு மாமி சொல்லித்தான் தெரிஞ்சுது. அது வந்தப்புறம்தான் தனியா அறை எடுத்தேன்.

மயூர் விஹார் மாமா:
எழுந்திருக்கவே கூடாதும்மா. அப்பா உயில் எழுதாம விட்ட வீடுன்னா உங்களுக்கும் பங்கு. ஆண் வாரிசுகள் சம்மதிக்காம குடியிருக்கற வீட்டைப் பெண்கள் பிரிச்சுக் கேட்க முடியாதுன்னு இந்து வாரிசுரிமைச் சட்டத்துல முன்னே ஒரு பிரிவு இருந்தது, 2005-ல எடுத்துட்டாங்க.

எங்க மாடியில ரெண்டு ரிடையர்ட் டீச்சர்கள் 20 வருஷம் சேர்ந்து இருந்தாங்க. வீடு ஒருத்தர் பேர்ல. அவங்க இறந்ததும் அவங்க அண்ணன் பையன் வந்து மத்தவங்ககிட்ட சாவியைக் கேட்டான்.

அதனால உயில் எழுதுங்க. கல்யாணமாகாத, குழந்தையில்லாத இந்துப் பெண் உயில் எழுதாமப் போனா சொத்து அப்பா அம்மாவுக்கு, அவங்களும் இல்லைன்னா அப்பாவோட வாரிசுகளுக்கு. கூடவே இருந்த சிநேகிதிக்கு ஒண்ணும் கிடையாது. முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, ரெண்டு சாட்சி கண்டிப்பா வேணும். 'ஆயுசு வரைக்கும் இவங்க இங்க குடியிருக்கலாம்'னு ஒரு வரி சேருங்க. இப்பவே.

கரோல்பாக் மருமான்:
மாமா, அத்தைகிட்ட எழுதிவைக்க வீடே இல்லை. நான் சொல்ல வந்தது வேற. அந்த அக்ரிமென்ட்ல அத்தையைக் கேட்காமலேயே நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.