மும்பையில் மாற்றுத்திறனாளி வேலை முகாம், பென்ஷன், இன்டர்வியூ: உங்களுக்கு என்ன நடந்தது?

சயான் கோலிவாடா

தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), ஐடிஐ சான்று எல்லாம் கையில் இருக்கிறது. போன வருஷம் ஒரு ஜாப் மேளாவுக்குக் கூட்டிப்போனேன். கூட்டம், டோக்கன், வெயில், அதெல்லாம் போனவர்களுக்குத் தெரியும். ஒரு கிடங்கு கம்பெனி மேசையில் முறை வந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெண் கேட்கக் கேட்க நான் சைகையில் சொன்னேன், அவன் எழுதிக் காட்டினான். அவருக்குப் பிடித்துவிட்டது. எழுந்து நின்று கை கொடுத்து, "செலக்டட்! அடுத்த ரவுண்டு டெலிபோனில்" என்றார்.

"மேடம், இவனுக்குக் காது கேட்காது."

"தெரியும். ஆனா ப்ராசஸ் அதுதான்."

பாரத்தில் செவித்திறன் குறைபாடு என்று டிக் அடித்ததும் அவரே. அதற்குக் கீழேயே 'போனில் பேச வசதியான நேரம்' என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுதுவது என்று தம்பி என்னைக் கேட்கிறான்! மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நடத்திய மேளா அது. பாந்த்ராவில் அலி யாவர் ஜங் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் சைகைமொழி பெயர்ப்பாளர் படிப்பே இருக்கிறது. படித்தவர்களில் ஒருவரை அன்றைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தால் என்ன? போன் வரத்தான் செய்தது. நான் எடுத்தேன். "கேண்டிடேட்டிடம் கொடுங்கள்" என்றார்கள்.

தாராவி 90 அடி ரோடு

எங்கள் வீட்டில் குறுக்கே நின்றது கம்பெனி இல்லை, அம்மா. அக்காவுக்குப் போலியோவில் இடது கால் போய்விட்டது. மாசாமாசம் சஞ்சய் காந்தி நிராதார் பணம் (மகாராஷ்டிர அரசு தருகிற பென்ஷன்) வருகிறது. முன்னே 1,500, 2025 அக்டோபரிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு 2,500. அக்காவுக்கு ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை கிடைத்தது, சம்பளம் 12,000. சேருகிற அன்று அம்மாவும் கூடவே போய், எச்.ஆர். மேசைக்கு முன்னால் நின்று, தமிழும் இந்தியும் கலந்து, "பேங்க்ல போடாதீங்க சாமி, கையில குடுங்க, கொறச்சுக் குடுத்தாலும் பரவால்ல" என்று கும்பிட்டார். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

அம்மாவைச் சொல்லியும் குற்றமில்லை. நிராதாரில் மாற்றுத்திறனாளிக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 50,000 தாண்டக்கூடாது. மாசத்துக்கு என்று பார்த்தால் 4,166 ரூபாய்தான். அக்கா சம்பளத்தை விடுங்கள், வீட்டில் யார் வேலைக்குப் போனாலும் தாண்டிவிடும். அந்தக் காசுக்குத் தாராவியில் ஒற்றை அறை கோலிகூட வாடகைக்குக் கிடைக்காது.

முலுண்ட் கணக்கர்

தாராவிக்காரருக்கு: 2,500க்காக 12,000ஐ ஒளிக்கிறது எந்த ஊர்க் கணக்கு? கையில் வாங்கினால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, நாளைக்கு இன்னொரு கம்பெனியில் காட்ட ஒரு சம்பளச் சீட்டும் இல்லை.

என் அனுபவம் சின்னது. எனக்குச் செயற்கைக் கால். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இன்டர்வியூ. மூச்சு வாங்க ஏறிப் போனால், "நல்லாத்தானே ஏறி வர்றீங்க, அப்புறம் எதுக்கு சர்டிபிகேட்?" என்றார் முதலாளி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 4 சதவீத ஒதுக்கீடு அரசு வேலைக்குத்தான், தனியாரிடம் அதைக் கேட்டுச் சண்டை போடாதீர்கள். ஆனால் 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி தனியாரும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் இதற்கென்று ஒரு தொடர்பு அதிகாரியும் இருக்க வேண்டும். கோலிவாடா நண்பர் அந்த அதிகாரி யார் என்று கேட்டு, டெலிபோன் ரவுண்டுக்குப் பதில் எழுத்தில் நடத்தச் சொல்லி மெயில் போட்டிருக்க வேண்டும். வாயால் கேட்டது காற்றோடு போய்விடும். அப்புறம், சாதாரண ஊழியருக்கு இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000, நமக்கு 25,000. முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை அரசே ஏற்கிற ஊக்கத் திட்டம் 2008இலேயே வந்தது, பாதி முதலாளிகளுக்கு அது காதில் விழவே இல்லை. இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, இன்டர்வியூவில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். மேளாவை மட்டும் நம்பவும் வேண்டாம். சயானில் ஏடிஐ என்று சொல்லிவந்த தொழிற்பயிற்சி நிறுவன வளாகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது, பழைய ஆட்கள் விஆர்சி என்பார்கள். கோலிவாடாவிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே பதிந்தால் என்ன வேலை ஒத்துவரும் என்றும் பார்த்துச் சொல்வார்கள்.

டோம்பிவிலி

முலுண்ட் சார், அந்த 21ஆம் பிரிவுக் கொள்கை எங்கள் ஆபீஸ் சுவரில் பிரேம் போட்டே தொங்கியது. எனக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியாது, பார்வை அவ்வளவுதான், பக்கத்து சீட்காரர் வாசித்துக் காட்டினார்.

என்விடிஏ என்கிற மென்பொருள் இருந்தால் கம்ப்யூட்டர் எனக்குப் படித்துச் சொல்லும். இலவசம், தமிழும் பேசும். "செக்யூரிட்டி அப்ரூவல் வரணும்" என்றார் ஐ.டி.காரர். பென்டிரைவிலிருந்தே ஓடுமே என்றேன். பென்டிரைவுக்கும் தடை. மாசக்கணக்கில் அணைந்த மானிட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன். ஒரு நாள் வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வந்தார்கள். மேனேஜர் ஓடிவந்து என் தலையில் ஹெட்போனை மாட்டி, "ஒரு போட்டோதான், கீபோர்டில் கை வைங்க" என்றார். ஒயரைத் தடவிப் பார்த்தேன், முனை எதிலும் செருகவில்லை, என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். இதற்காகவா தினமும் லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஹேண்டிகேப் டப்பாவில் நசுங்கிப் போனேன்? (அந்த டப்பாவில் எந்தக் குறையும் இல்லாதவர்கள் ஏறிக்கொள்வது தனிக் கதை.)

தாராவி 90 அடி ரோடு

முலுண்ட் அண்ணே, கூட்டல் கழித்தல் எங்களுக்கும் வரும். அக்காவுக்குக் கொடுத்தது 11 மாச ஒப்பந்தம். அது முடிந்து வெளியே அனுப்பினால், தாசில்தார் ஆபீசில் புது மனு, புது வருமானச் சான்று என்று முதலிலிருந்து அலைய வேண்டும். வேலை போனால் நின்ற பென்ஷன் தானாகத் திரும்பும் என்று ஒரு வழி செய்திருந்தால் அம்மா எதற்கு அங்கே போய்க் கும்பிடப்போகிறார்? அக்கா சேர்ந்துவிட்டாள், சம்பளம் பேங்கில்தான் வருகிறது. அம்மா அவளிடம் பேசுவதில்லை.

முலுண்ட் கணக்கர்

11 மாசம் என்று முதலிலேயே சொல்வதற்கென்ன? ஒப்பந்தத்தில் புதுப்பிப்பது பற்றி ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். பி.எஃப். நம்பரையும் இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் வேண்டுமானால் நான் பேசுகிறேன்.