போலியோ ஒழிப்புக்கு நம் ஊர் சார்பில் ஒரு மொய்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

குளத்துப் படித்துறை வேலை முடிந்து கணக்கும் வந்துவிட்டது. பொருளாளர் அண்ணனுக்கு நன்றி. அடுத்த வசூல் எதற்கு என்று அவர் கேட்டிருந்தார். போலியோ ஒழிப்புக்குக் கொடுப்போம் என்பது என் வேண்டுகோள்.

கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த அண்ணனை நாற்பது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இடது கால் சூம்பிப்போய், கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி நடப்பார். மெஷினை வலது காலால் மட்டுமே மிதிப்பார். நம் பள்ளிக்கூடக் கால்சட்டை எல்லாம் அவர் கையில் தைத்ததுதான். இரண்டு வயதில் மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் கால் எழவில்லை என்று அவர் அம்மா சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன். என் அக்கா பிள்ளைகளின் வயதில் அப்படி ஒரு பிள்ளைகூட நம் ஊரில் இல்லை.

அது தானாக நடந்துவிடவில்லை. கல்லூரி விடுமுறையில் ஒருமுறை சொட்டு மருந்து முகாமுக்கு ஐஸ் பெட்டியை சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தேன். பால்வாடி வாசலில் நர்ஸம்மா ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் சின்னச் சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. சூடு பட்டுப் பட்டு வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் ஒதுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் திறந்தார். இரண்டு சொட்டு, இடது சுண்டு விரலில் மை. மறுநாள் விட்டுப்போன பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போனார்கள். இதை நாடு முழுக்க வருடக்கணக்கில் செய்தார்கள். 2009-இல்கூட இந்தியாவில் 741 பிள்ளைகளுக்கு வந்தது. 2011 ஜனவரியில் ஹவுரா பக்கம் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததே கடைசி. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்தது என்ற சான்றிதழும் கிடைத்தது.

அதற்கு நம் அரசாங்கம் நிறையச் செலவு செய்தது. அதோடு, நம் ஊர்ப் பெயரையே கேள்விப்படாத ஊர்களில் ரோட்டரி கிளப்காரர்கள் 1985 முதல் வசூல் செய்த பணமும் சேர்ந்தது. நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அது நமக்கு வந்த மொய். திருப்பிச் செய்கிற முறை இப்போது நம்முடையது.

‘ஊரில் இத்தனை வேலை கிடக்க, எங்கோ ஆப்கானிஸ்தானுக்கு எதற்கு?’ என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் (காட்டு வைரஸ் என்பார்கள்) இன்னும் விடாமல் பரவுவது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் இரண்டில்தான். 2023-இல் இரண்டிலும் சேர்த்து 12 பிள்ளைகள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தோம். 2024-இல் 99 ஆகிவிட்டது. தொற்றுகிற இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் கைகால் விழும். மீதிப்பேர் அறியாமலே வைரஸைச் சுமந்து பஸ்ஸிலும் விமானத்திலும் போவார்கள். மஸ்கட்டில் நான் வேலை பார்க்கிற இடத்தில் அந்த இரண்டு நாட்டுக்காரர்களும் என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஊருக்குப் போனால் அவர்கள் தூக்கிக் கொஞ்சுவதும் பச்சைப் பிள்ளைகளைத்தான். பாகிஸ்தானில் சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்களையும் காவலுக்குப் போன போலீஸ்காரர்களையும் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். அப்படியும் அடுத்த சுற்றுக்குப் பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். அவர்களுக்கு நம்மால் முடிந்தது பணம்தான்.

சரி, எப்படிக் கொடுப்பது? நம் ஊர்ச் சங்கக் கணக்கில் போட வேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களின் பணத்தை அதில் வாங்கினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டச் சிக்கல் வரும். ரோட்டரி அறக்கட்டளையின் தளத்தில் போலியோ நிதி என்று தனியாக இருக்கிறது, அதில் அவரவர் நேராகச் செலுத்துங்கள். அங்கே வருடத்துக்கு 5 கோடி டாலர் வரை சேரும் பணத்துக்கு கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு மடங்கு சேர்த்துத் தருகிறது. நாம் 100 டாலர் கொடுத்தால் 300 போய்ச் சேரும். தொகையை மட்டும் எனக்குத் தனி மடலில் எழுதுங்கள். மொய் நோட்டு மாதிரியே வரிசையாக எழுதி வைக்கிறேன், சின்னத் தொகை பெரிய தொகை என்று பார்க்க வேண்டாம்.

அக்டோபர் 24 உலகப் போலியோ நாள். அன்று மொத்தக் கணக்கை இங்கே போடுகிறேன். அப்புறம், ஊரில் இருப்பவர்கள் யாராவது தையல்கார அண்ணன் வீட்டில் இதைச் சொல்லுங்கள். முதல் வரியில் அவர் பெயரை எழுத அவர்களுடைய சம்மதம் வேண்டும்.

அன்புடன்,
வடக்குத் தெருவிலிருந்து, இப்போது மஸ்கட்